அலமாரியைத் திறந்து எண்ணுங்கள்: சிறிய மருத்துவமனையில் ஸ்டோர் செலவைக் குறைக்கும் வழி

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் ஐம்பது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அதே இடத்தில் எட்டு வருடம் வார்டு நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைத் தோட்டங்களில் ரப்பர் வெட்டுகிறவர்கள். மீதிப்பேர் இந்தப் பக்கம் பண்பொழி, வடகரை, கேசவபுரத்து வயல்காரர்கள். வசதிக்காரர்கள் குறைவு. ஸ்டோரில் வீணாகிற ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் இவர்கள் பில்லில்தான் போய் ஏறுகிறது. என்னைப்போல் சிறிய மருத்துவமனை ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக, செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

செலவைக் குறையுங்கள் என்று நிர்வாகம் சொன்னதும் எல்லா இடத்திலும் முதலில் நடப்பது ஒன்றுதான். மருந்து மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டுக்கு போன் போட்டு விலை பேசுவார்கள். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். நூற்றுக்கு இரண்டோ மூன்றோ குறைத்துக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய தொகை எங்கள் கட்டிடத்துக்குள்ளேயே, வார்டு மேஜை டிராயரிலும் தியேட்டர் அலமாரியிலும் கிடந்தது. எண்ணிப் பார்த்த அன்றுதான் அது தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

ஓ.பி. கூட்டம் இல்லாத ஒரு ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டோர் ஆள் ஒருவர், பார்மசிஸ்ட் ஒருவர், அந்தந்த வார்டு சிஸ்டர் ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அதில் என்ன எண்ணிக்கை இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்தால் கை தானாக அந்த எண்ணிக்கைக்கு ஒத்துப்போகும். வெறும் தாளில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: பெயர், வீரியம், பேட்ச், எக்ஸ்பயரி, எண்ணிக்கை. ஸ்டோரை மட்டும் எண்ணினால் பயனில்லை. வார்டு டிராலி, மேஜை டிராயர், பிரசவ அறை அலமாரி, தியேட்டர், ஆம்புலன்ஸ் பை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

எங்களிடம் அன்று கிடைத்ததைச் சொல்கிறேன். அந்த வாரம்தான் பச்சை வென்ஃபிளான் (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) தீர்ந்துவிட்டது என்று தென்காசிக்கு ஆட்டோ அனுப்பி, எம்.ஆர்.பி. விலையிலேயே வாங்கி வந்திருந்தேன். பிரசவ அறை டிராயரில் அதே பச்சை வென்ஃபிளான் மூன்று பெட்டி இருந்தது. ஆண்கள் வார்டில் ஒரு சூட்கேஸ் நிறைய ஐ.வி. செட். தியேட்டரில் மூன்று வேறு கம்பெனித் தையல் நூல், அதில் இரண்டு பெட்டி தேதி கடந்தவை.

எனக்குக் கோபம் வந்தது. பிரசவ அறைப் பொறுப்பில் இருந்த புனலூர்க்காரச் சேச்சியிடம் கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு ரத்தம் போயிட்டு வந்து கிடக்கும்போ ஸ்டோர் பூட்டியிருந்தா நான் யாருகிட்ட கேப்பேன் மோளே?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. வார்டுக்காரர்கள் பதுக்கி வைக்கிறார்கள் என்றால் ஸ்டோர் அவர்களை முன்பு கைவிட்டிருக்கிறது என்று பொருள். டிராயரைப் பூட்டி, சத்தம் போட்டால் அடுத்த முறை இன்னும் ஆழமாக ஒளித்து வைப்பார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் ஒளித்து வைப்பது தானாக நிற்கும்.

அந்த நம்பிக்கைக்கு நாங்கள் கண்ட வழி, வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர் வைத்துக்கொள்கிற வழிதான். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு உடனே புக் செய்கிறோம் அல்லவா? அதேபோல ஒவ்வொரு வார்டிலும் அடிக்கடி செலவாகிற நாற்பது பொருளுக்கு இரண்டிரண்டு பிளாஸ்டிக் டப்பா வைத்தோம். முன் டப்பா காலியானதும் பின் டப்பாவை முன்னுக்கு இழுத்துவிட்டு, காலி டப்பாவை வாசலில் உள்ள கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான். இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) எழுத வேண்டாம், கையெழுத்துக்கு அலைய வேண்டாம். ஸ்டோர் பையன் காலையிலும் மாலையிலும் கூடையைப் பார்த்து நிரப்பி வைப்பான். ஒரு டப்பாவில் எவ்வளவு என்பதை மூன்று நாள் செலவை வைத்து முடிவு செய்தோம். நான்கு மாதத்தில் வார்டுகளில் தேங்கியிருந்த சரக்கு பாதிக்கும் கீழே வந்தது. தென்காசி ஆட்டோ ஓட்டமும் நின்றது. ராத்திரிக்கு என்று தனியாக ஒரு பெட்டி, அதன் சாவி டியூட்டி சிஸ்டரிடம். இது முக்கியம், விட்டுவிடாதீர்கள்.

எதை எந்த அளவுக்குக் கவனிப்பது

எங்கள் பட்டியலில் அறுநூற்றுச் சொச்சம் பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்தால் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வருடச் செலவை எழுதுங்கள்: வருடத்தில் எத்தனை போனது, ஒன்றின் விலை என்ன, இரண்டையும் பெருக்கியது. பெரிய தொகை மேலே வரும்படி அடுக்குங்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தச் செலவில் முக்கால் பங்கு வருவதற்குள் பத்தில் ஒரு பங்குப் பொருள்தான் கடந்திருக்கும். இதை ஏ என்பார்கள். நடுவில் உள்ளவை பி. மீதி நீண்ட வால் முழுக்க சி. ஏ பொருள்களை வாராவாரம் எண்ணுங்கள், விலை பேசுவதையும் அதில் மட்டும் பேசுங்கள். சி பொருளுக்கு ஸ்டாக்கிஸ்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது உங்கள் நேரத்துக்கு நஷ்டம்.

ஆனால் இந்தக் கணக்கோடு நின்றால் ஆபத்து. அதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை.

ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விரியன் கடி என்றால் ரத்தம் உறைகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் விஷமுறிவு மருந்தை முடிவு செய்வார். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். புதிய, சுத்தமான, உலர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, முடிவு தப்பாக வரும். அன்று எங்களிடம் புதிய கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட இல்லை. சி பட்டியலில் கடைசி வரிசையில் இருந்த பொருள், சில ரூபாய் விலை. தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மருத்துவர் மற்ற அறிகுறிகளை வைத்து சிகிச்சையைத் தொடங்கினார். அந்த மனிதர் பிழைத்துவிட்டார். ஆனாலும் அந்த ராத்திரி எனக்கு மறக்கவில்லை.

ஆகவே விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் உயிர் போகும் என்பதற்கு வி. ஓரிரு நாள் சமாளிக்கலாம் என்பதற்கு ஈ. இருந்தால் நல்லது என்பதற்கு டி. இதை ஸ்டோர் ஆள் தனியாக முடிவு செய்யக் கூடாது. மருத்துவர்கள், தியேட்டர் சிஸ்டர், பிரசவ அறை சிஸ்டர் எல்லோரையும் ஒரு மதியம் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வரிவரியாகக் கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு இரண்டு மதியம் பிடித்தது. இப்போது இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். விலை குறைவு, உயிருக்கு அவசியம் என்று வருகிற பொருளைத் தாராளமாக வாங்கி வையுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். விலை அதிகம், இருந்தால் நல்லது என்று வருவதைத் துணிந்து நிறுத்துங்கள், அல்லது ஆள் கேட்டால் மட்டும் வரவழையுங்கள். எங்கள் சேமிப்பில் பெரிய பங்கு இந்த இரண்டாவது மூலையில் கிடைத்ததுதான்.

எப்போது ஆர்டர் போடுவது

ஒரு நாளைக்கு எத்தனை செலவாகிறது, ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது, இரண்டையும் பெருக்குங்கள். அதோடு சில நாள் காப்பு இருப்பைச் சேருங்கள். நாளொன்றுக்கு 33 ஐ.வி. செட், வருவதற்கு 4 நாள் என்றால் 132. மூன்று நாள் காப்புக்கு 99. மொத்தம் 231. அலமாரியில் 231 என்று மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே போனால் ஆர்டர். இதற்கு மென்பொருள்கூட வேண்டியதில்லை.

காப்பு இருப்பு எத்தனை நாள் என்பது ஊரைப் பொறுத்தது. எங்களுக்குக் குற்றாலச் சீசன் இருக்கிறது. ஜூன் தொடங்கி சாரல் விழும் மாதங்களில் பாறையில் வழுக்கி விழுகிறவர்கள், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று கூட்டம் கூடும். மாவுக்கட்டுத் துணியும் ஆர்.எல். என்ற டிரிப் பாட்டிலும் அப்போது மளமளவென்று தீரும். கார்த்திகை பிறந்ததும் ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாக ஐயப்ப பக்தர்கள் போவார்கள். கால் வெடிப்பு, மூச்சுத் திணறல், வண்டி விபத்து. சித்திரையில் கூட்டம் இருக்காது. வருடம் முழுக்க ஒரே எண்ணை வைத்திருந்தால் சித்திரையில் தேங்கும், ஆடியில் தீரும். அதனால் வருடத்தை மூன்றாகப் பிரித்து மூன்று எண் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் ஊருக்கு என்ன பருவம் என்று பழைய இன்டென்ட் நோட்டைப் புரட்டினாலே தெரியும்.

கொல்லத்திலிருந்து வாங்குகிற பொருளுக்குக் காப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலத்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டி நிற்கும்.

விலை பேசும்போது

ஸ்டாக்கிஸ்ட் சொல்கிற விலை உங்கள் விலை இல்லை. உள்நோயாளிக்கு நாம் கொடுக்கும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சிகிச்சைக்காக வாங்கின பொருளுக்குக் கட்டிய வரியை நாம் திரும்பப் பெற முடியாது. வரி முழுக்க நம் செலவு. ஆகவே விலை, வரி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து, இலவசமாக வருவதைக் கழித்து, ஒன்று நம் அலமாரிக்கு வந்து சேரும்போது என்ன விலை என்று பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பஞ்சுத்துணி, கட்டுத்துணி, பரிசோதனைக் கிட் மாதிரியானவையும் 5-க்கு வந்தன. உங்கள் ஏ பட்டியலை எடுத்து, அந்தத் தேதிக்கு முந்தைய பில்லையும் பிந்தைய பில்லையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வரி குறைந்தபோது அடிப்படை விலை சத்தமில்லாமல் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததால் எங்களுக்கு இன்னொரு கதவும் திறந்தது. அதற்கு முன் கேரளாவிலிருந்து வாங்கினால் மத்திய விற்பனை வரி, செக்போஸ்ட், காத்திருப்பு. இப்போது புனலூரில் வாங்கினாலும் திருநெல்வேலியில் வாங்கினாலும் வரி ஒன்றுதான். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும், அவ்வளவே. எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இரண்டு சந்தை கிடைத்திருக்கிறது. ஏ பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் விலைப்புள்ளி வாங்குங்கள்.

அடிமட்ட விலை எது என்று தெரியாமல் பேரம் பேசாதீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் கேரள மருத்துவப் பணிகள் கழகமும் டெண்டரில் முடிவான விலைகளை வெளியிடுகின்றன. அந்த விலை ஐம்பது படுக்கைக்குக் கிடைக்காது, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குகிறவர்களின் விலை அது. ஆனாலும் பேச உட்காரும்போது அது கையில் இருந்தால் நம் குரல் மாறும். தென்மலைப் பக்கத்து நோயாளிகள் கேரள அரசின் காருண்யா பார்மசி பில்லைக் காட்டி, "அங்க இவ்வளவுதானே" என்று கேட்பார்கள். அவர்களோடு வாதாடாமல் அந்த பில்லை நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். அடுத்த மாதம் மருந்துக் கம்பெனி ரெப் வரும்போது அது மேஜையில் இருக்கும்.

பத்துக்கு இரண்டு இலவசம் என்று வருகிற ஸ்கீமைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு பொருள் ஒருவரிடம் வரியோடு 21 ரூபாய், தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். இன்னொருவர் வரியோடு 23 ரூபாய் 10 காசு சொல்கிறார், ஆனால் ஆயிரம் எடுத்தால் இருநூறு இலவசம். கணக்குப் போட்டால் 1,200-க்கு 23,100 ரூபாய். முதலாமவரிடம் அதே 1,200-க்கு 25,200. லாபம் 2,100 என்று தோன்றும். மாதம் 80 தான் செலவாகிறது என்று வையுங்கள். 1,200 தீர 15 மாதம் ஆகும். அதுவரை சராசரியாகப் பாதிப் பணம், 11,550 ரூபாய், அலமாரியில் தூங்குகிறது. நாம் ஓவர் டிராஃப்டுக்கு 12 சதவீதம் வட்டி கட்டுகிறோம் என்றால் 15 மாதத்துக்கு 1,700 ரூபாய்க்கு மேல் போய்விடும். மிச்சம் நானூறுக்கும் கீழே. கடைசி இருபது எக்ஸ்பயரி ஆனால் அதுவும் போச்சு. மூன்று மாதத்துக்குள் தீராத அளவுக்கு ஸ்கீமில் வாங்குவதில்லை என்று நான் வைத்திருக்கும் வரம்பு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

எக்ஸ்பயரி திரும்ப எடுப்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாக்கிஸ்ட் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டு, கடைசியில் "கம்பெனி எடுக்கல, நான் என்ன செய்ய அண்ணாச்சி" என்று எங்கள் அக்கவுண்டன்டிடம் கையை விரித்துவிட்டார். அதன் பிறகு எங்கள் ஒவ்வொரு ஆர்டர் தாளிலும் இரண்டு வரி அச்சடித்திருக்கிறது. வரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும். எக்ஸ்பயரிக்கு மூன்று மாதம் முன்பு சொன்னால் திரும்ப எடுத்து கிரெடிட் நோட் தர வேண்டும். ஒத்துக்கொள்ளாதவரிடம் வேகமாகத் தீருகிற பொருளை மட்டும் வாங்குகிறோம்.

இன்னொன்று, பக்கத்தில் உள்ள மூன்று சிறிய மருத்துவமனைகளோடு சேர்ந்து சலைன், கிளவுஸ், சிரிஞ்சு மூன்றையும் ஒரே ஆர்டராகப் போடுகிறோம். டெலிவரியும் பில்லும் தனித்தனி, விலை மட்டும் ஒன்று. முதலில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம், விலையை வெளியே சொல்லத் தயங்கினோம். ஒருமுறை நான்கு பேரும் பில்லை எடுத்து மேஜையில் வைத்தபோது, ஒரே ஸ்டாக்கிஸ்ட் ஒரே கிளவுஸுக்கு நான்கு விலை போட்டிருந்தார். அன்றோடு தயக்கம் போய்விட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில்

ஸ்டோரில் எவ்வளவு பிடித்தாலும் வார்டில் ஒழுகினால் பயனில்லை. இங்கே ஸ்டோர் ஆள் சொல்லிச் செய்ய முடியாது. மருத்துவரும் சிஸ்டரும் மனம் வைக்க வேண்டும்.

பாராசிட்டமால் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி பாட்டிலில் இருப்பது 1 கிராம். இரண்டு 500 மில்லிகிராம் மாத்திரையிலும் அதே 1 கிராம்தான். பாட்டில் விலை பல மடங்கு, அதோடு ஐ.வி. செட், சிஸ்டரின் நேரம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம். மெட்ரோனிடசோல், ஃபுளுகோனசோல், லினிசோலிட் போன்றவையும் வாய் வழியாகவே உடம்பில் ஏறக்குறைய முழுமையாகச் சேர்பவை. எங்கள் மூத்த மருத்துவர் காலை ரவுண்டில் ஒரு கேள்வியை வழக்கமாக்கினார்: "கஞ்சி குடிக்கிறாரா?" குடிக்கிறார் என்றால் இன்னும் ஏன் ஊசி என்று கேஸ் ஷீட்டில் காரணம் எழுத வேண்டும். வாந்தி, மயக்கம், தீவிரமான தொற்று என்றால் ஊசி தொடரும், அதில் கேள்வி இல்லை. இந்த ஒரு கேள்வி குறைத்த செலவை நான் விலை பேசிக் குறைத்ததே இல்லை. நோயாளியும் ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகிறார்.

தியேட்டரில் தையல் நூலைக் கேட்ட பிறகு பிரியுங்கள். தயாராக இருக்கட்டும் என்று முன்கூட்டியே நான்கு உறையைப் பிரித்து வைத்து இரண்டைத் தூக்கிப் போடுவது எல்லா தியேட்டரிலும் உள்ள பழக்கம். பிரிக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தாலே போதும், பிரிக்க ஐந்து நொடிதான். எங்களிடம் இருந்த மூன்று கம்பெனி நூலை ஒன்றாக்குவதற்கு அறுவை மருத்துவர்களிடம் விலைப்பட்டியலைக் காட்டவில்லை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் யாருக்கு எவ்வளவு பொருள் ஆனது என்று ஒரு தாள் தயாரித்து மாதம் ஒருமுறை அவரவருக்கு மட்டும் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அவர்களே பேசி ஒரு கம்பெனிக்கு வந்தார்கள்.

ஆக்ஸிஜன். பெரிய டி வகைச் சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். நோயாளியை வெளியே கூட்டிப்போன பிறகு வாயு போகும் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டரை நிமிடத்துக்கு 2 லிட்டரில் மறந்துவிட்டால் பத்து மணி நேரத்தில் 1,200 லிட்டர் காற்றோடு போகும். சிலிண்டரில் ஆறில் ஒரு பங்கு. மாலை ரவுண்டில் காலிக் கட்டில்களின் ஃப்ளோ மீட்டரைத் தொட்டுப் பார்ப்பதை ஒருவர் வேலையாக எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவு. திரும்பிப் போகிற சிலிண்டர்களின் அழுத்தம் காட்டும் கேஜையும் குறியுங்கள். நிறைந்தபோது 150 காட்டுவது 20-லேயே திரும்பிப் போனால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வாயுவைக் காசு கொடுத்து வாங்கித் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் கட்டில் பக்கத்துத் தனிச் சிலிண்டரில் இந்தச் சிக்கனம் வேண்டாம். நிறைந்த சிலிண்டர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பழையதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குப்பையும் செலவுதான். எங்களிடம் மருத்துவக் கழிவை எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். சலைன் அட்டைப்பெட்டியும் சாப்பாட்டுப் பொட்டலமும் மஞ்சள் பையில் விழுந்தால் அதற்கும் காசு. கட்டிலுக்குக் கட்டில் சாதாரணக் குப்பைத் தொட்டி ஒன்று வைத்தாலே பாதி சரியாகும்.

வார்டுக்கு ஒரு பாஸ்புக்

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியபோது அரசு மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு இருக்கும், கிடங்கில் எடுக்க எடுக்கக் கழியும். எது வேண்டும் என்பதை அந்த மருத்துவமனைதான் முடிவு செய்யும். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. அதையே சிறிதாக்கி வார்டுக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறோம். போன வருடம் இதே மாதச் செலவு மேலே எழுதியிருக்கும். நோயாளி எண்ணிக்கையைப் பார்த்து ஏற்றி இறக்குவோம். தாண்டினால் தண்டனை கிடையாது, என்ன காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதுவரை ஒரு சிரிஞ்சு என்ன விலை என்று எங்கள் சிஸ்டர்கள் யாருக்கும் தெரியாது, நாங்கள் சொன்னதும் இல்லை. தெரிந்த பிறகு கை தானாக நிதானப்பட்டது.

கை வைக்கக் கூடாத இடம்

ஒருமுறைப் பொருளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்திச் சேமிக்காதீர்கள். சோதனைக்கு மலிவான கிளவுஸ் வாங்கிப் பார்த்தோம், போடும்போதே கிழிந்தது. ஒருவர் இரண்டு ஜோடியாகப் போட்டார். கணக்கிலும் நஷ்டம், ஊசி குத்துகிற பயம் வேறு. எந்தப் புதுப் பொருளையும் ஒரு வாரம் ஒரே வார்டில் கொடுத்து, பயன்படுத்துகிறவர்கள் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாற்றுங்கள்.

பாம்புக்கடி மருந்துக்கு இங்கே தனி ஏற்பாடு வேண்டும். முதல் தவணைக்கே 8 முதல் 10 வயல் (மருந்துக் குப்பி) போகும், ஒருவேளை மறுபடியும் தேவைப்படும். எங்களிடம் 20 வயலுக்குக் கீழே இருப்பு இறங்கக் கூடாது என்று விதி. ஆனால் சில வருடம் கடிபட்டு வருகிறவர் குறைவு, வயல் தேதி கடக்கும். அதற்காக இருப்பைக் குறைக்கவில்லை. எக்ஸ்பயரிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, அதிகம் செலவாகிற பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு சலான் போட்டு அனுப்பிவிட்டு, நீண்ட தேதி உள்ளதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். அவர்களுக்கு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மூன்று வருடமாக ஒரு வயல்கூட வீணாகவில்லை. கண்ணாடிக் குழாய் ஐம்பது, அதே அலமாரியில், அதே தட்டில் இருக்கிறது.

ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். இன்சுலின், ஆக்ஸிடோசின், தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி கரண்ட் போனால் ஏ பொருள் பாதி கெட்டுப்போகும். காலை, மாலை என்று அளவு எழுதுகிறவர்கள் ராத்திரியை விட்டுவிடுகிறார்கள். எங்கள் நோட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. டியூட்டி சிஸ்டர் அதை நிரப்ப வேண்டும். ஜெனரேட்டர் ஆபரேட்டர் போன் நம்பர் அந்தக் கட்டத்துக்கு மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறது.